மலைக்குக் கிழக்கே

திருவண்ணாமலையில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்பதெல்லாம் ஊருக்கு முன்னால் நூரைனுக்குத் தெரிந்துவிடும். ஜோசியம் எதுவும் இல்லை. பெரிய தெருவில் முருகையன் வைத்திருந்த அச்சகத்தில் டைப் அடிக்கிறவள் அவள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாமே அவள் விரல் பட்டுத்தான் ஊருக்குள் போகும். ஒரு தடவை தாய்மாமன் பெயரைச் சித்தப்பா பெயருக்குக் கீழே போட்டுவிட்டாள் என்று இரண்டு வீட்டாரும் அச்சகத்துக்கே வந்து சண்டை பிடித்தார்கள். அன்றிலிருந்து பெயர் விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்ப்பாள்.

ஊரார் பெயரையெல்லாம் அடித்தவளின் பெயர் மட்டும் எதிலும் வந்ததில்லை. அது அவளுக்கு ஒரு குறை. ஏனென்றால் நூரைன் கதை எழுதுவாள்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எழுதுகிறாள். பத்திரிகைகளுக்கு அனுப்பினால் திரும்பி வரும். பல நேரம் அந்த மரியாதைகூடக் கிடைக்காது. முதலாளி முருகையன் ஓர் இலக்கிய மன்றத்தின் செயலாளர். வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு ஒரு மலர் போடுவார். ஊர்க் கவிஞர்கள் அத்தனை பேரின் கவிதையையும் நூரைன்தான் அதில் அடிப்பாள். ஒருமுறை தைரியத்தைக் கூட்டிக்கொண்டு தன் கதை ஒன்றை அவர் மேஜையில் வைத்தாள். "பாக்கலாம்மா" என்றார். மறு வாரம் அதன் பின்பக்கத்தில் ஒரு லாட்ஜ் விளம்பரம் புரூஃப் எடுக்கப்பட்டு அவளிடமே திருத்தத்துக்கு வந்தது. திருத்திக் கொடுத்துவிட்டு, இனி இந்த மனிதரிடம் கதை கொடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் அவளுக்கு வேறொரு கதவு திறந்தது. அச்சகத்துக்கு நாலு கடை தள்ளி ஒரு ப்ரவுசிங் சென்டர் வந்தது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் வலைப்பூ தொடங்கி எழுதலாம், எந்த ஆசிரியரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று ஒரு பத்திரிகைத் துணுக்கில் படித்துவிட்டு அங்கே போனாள். ப்ளைவுட் தடுப்புகளுக்குள் இளவட்டங்கள் என்னென்னவோ பார்க்கும் இடம் அது. அதனால் கணவன் தௌஹீத், மாட வீதியில் இருந்த வளையல் கடையைச் சீக்கிரமே எடுத்து வைத்துவிட்டு வந்து வாசலில் டிவிஎஸ் ஃபிப்டி மேல் உட்கார்ந்திருப்பான்.

"இன்னா பண்ற உள்ள?" என்று முதல் நாள் கேட்டான்.

"கதை போடறேங்க."

"யாரு படிப்பாங்க?"

"தெரியல."

"தெரியாத ஆளுக்குக் கதை சொல்றவள இப்பதான் பாக்கறேன்" என்று வண்டியைக் கிளப்பினான். ஆனால் மறுநாளும் வந்து உட்கார்ந்தான். அவன் சுபாவம் அப்படி. வாய் ஒன்று சொல்லும், கால் வேறொன்று செய்யும்.

வலைப்பூவுக்கு 'மலைக்குக் கிழக்கே' என்று பெயர் வைத்தாள். தன் பெயரைப் போடவில்லை. மாமியார் முன்னி பேகம் வீட்டில் உருதுப் பத்திரிகை படிப்பவள், வெளியே ஊர் வம்பு ஒன்றையும் விடாதவள். மருமகள் பெயர் இணையத்தில் கிடக்கிறது என்று யாராவது போய்ச் சொன்னால் சோறு இறங்காது. அதனால் முகமும் பெயரும் இல்லாமல் எழுதினாள். முதல் கதை உலகம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அச்சகத்தில் பழகிய எழுத்துரு வேறு, இணையத்துக்கு வேண்டிய எழுத்துரு வேறு என்பது அவளுக்குத் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து கவிநிலா என்று ஒரு பெண் மெயில் அனுப்பினாள்: "கட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்று தெரிகிறது. எனக்கு அதைப் படிக்க வேண்டும்." எப்படி அடிப்பது என்று பொறுமையாக எழுதிச் சொல்லியும் கொடுத்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி தன் கதையைப் படிக்க இத்தனை பாடுபடுகிறாள் என்று நினைத்தபோது, தடுப்புக்குள் உட்கார்ந்திருந்த நூரைனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். "நான்தான் ஃபர்ஸ்ட்" என்று போட்டுவிட்டு அப்புறம்தான் கதையைப் படிக்கப் போகும் எழில். ஒவ்வொரு வரியையும் பிய்த்துப் பார்க்கும் ஒரு கனடாக்காரர். குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்த வளவன். இந்த வளவனுக்கு அடி அண்ணாமலைதான் சொந்த ஊர். "அக்கா, ஊர் வாசனை பிடிக்க உங்க பக்கத்துக்கு வரேன்" என்று பின்னூட்டம் போடுவான். கதை போடத் தாமதமானால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். அச்சகத்தில் அவளைத் தேடி வருகிறவர்கள் "டைப் முடிஞ்சிதா?" என்று கேட்பார்கள். இவர்கள் "அடுத்து என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மறு வருஷம் ஆடியில் 'தண்ணீர்ப் பந்தல்' என்ற கதையைப் போட்டாள். கரண்ட் போன ஒரு பௌர்ணமி அந்தியில், அடி அண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. எப்போதோ அவளை விட்டு ஓடிப்போன புருஷன் கூட்டத்தோடு கூட்டமாக வந்து டம்ளரை நீட்டுகிறான். அந்த நேரம் வயல் ஓரத்தில் நிலா எழுகிறது. வெளிச்சத்தில் முகம் தெரிகிறது. அவள் மற்றவர்களுக்கு ஊற்றியது போலவே அவனுக்கும் ஊற்றி, "அடுத்து வாங்க" என்கிறாள். அவ்வளவுதான் கதை. பின்னூட்டங்கள் குவிந்தன. கனடாக்காரர்கூடக் குறை சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து வளவன் எழுதினான்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. கதை சூப்பர். ஆனா எங்க ஊருக்குக் கிழக்கால மலை நிக்குது. பௌர்ணமி நிலா மலையத் தாண்டித்தான் எங்களுக்கு வரணும். அந்தியில வராது. எங்கம்மா ராத்திரி சோறு போட்டு முடிக்கறப்பதான் தலைய நீட்டும்."

நூரைனுக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்த நிமிஷம் வெட்கம் வந்தது. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் மலைக்குக் கிழக்கே இருக்கும் டவுனுக்குள்தான். டவுனில் மலை மேற்கே நிற்கும். சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும், நிலா எந்தத் தடையும் இல்லாமல் அந்தியிலேயே வந்துவிடும். எல்லா ஊருக்கும் நிலா அப்படித்தான் வரும் என்று நினைத்துவிட்டாள். கிரிவலம் போனவளும் இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கதையைத் திருத்த உட்கார்ந்தாள்.

நிலாவை எடுத்ததும் கதையே மாறிவிட்டது. இப்போது இருட்டில்தான் அவன் டம்ளரை நீட்டுகிறான். முகம் தெரியவில்லை. குடிப்பதற்கு முன்னால் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றும் பழக்கத்தை வைத்து அவள் ஆளைக் கண்டுகொள்கிறாள். மலைக்கு மேலே நிலா வரும்போது அவன் போய்விட்டிருக்கிறான். படித்துவிட்டுக் கவிநிலா ஒரே வரி எழுதினாள்: "இப்போதுதான் இது முழுக் கதை."

கார்த்திகை வந்தது. மலர் வேலை தலைக்கு மேலே கிடந்தது. ஒரு நாள் காலையில் முருகையன் ஒரு கத்தைத் தாளைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"இந்த வருஷம் மன்றத்துக் கதைப் போட்டியில மொதல் பரிசு இதுக்குத்தாம்மா. நம்ம ராமதாஸ் எழுதனது. நல்லா பெரிசா தலைப்பு வச்சுப் போடு."

ராமதாஸ் மன்றத்துப் பொருளாளர், அரசு ஆபீஸில் குமாஸ்தா. முத்து முத்தான கையெழுத்து. நூரைன் தாளைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. கண் ஒரு வரியில் இருக்கும்போது விரல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. பக்கத்தைப் புரட்டாமலேயே அடுத்த பக்கத்தின் முதல் வாக்கியத்தை அடித்திருந்தாள். கையை எடுத்துவிட்டாள். தலைப்பு 'பௌர்ணமிப் பந்தல்' என்று மாறியிருந்தது. மற்றது முழுக்க அவளுடையது. யாரோ தன் குழந்தைக்கு மொட்டையடித்து வேறு பெயர் வைத்துத் தன்னிடமே சோறு ஊட்டக் கொடுத்தது போல இருந்தது.

முருகையனிடம் போனாள். "சார், இது என் கதை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாம்மா சொல்ற?"

வலைப்பூவைப் பற்றிச் சொன்னாள். அவர் நம்பாமலும் இல்லை, நம்பவும் இல்லை. ராமதாஸுக்குப் போன் போட்டார். அவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். அந்த வலைப்பூக்காரி சென்னையிலோ அமெரிக்காவிலோ இருப்பாள் என்று நினைத்திருந்த மனிதர், அவள் தன் கையெழுத்தை டைப் அடிக்கிறவள் என்று தெரிந்ததும் ஒரு கணம் திகைத்தார். ஒரு கணம்தான்.

"நான் போன வருஷமே உங்க மேஜை மேல இந்தக் கதைய வச்சுட்டுப் போனேனே சார், ஞாபகம் இல்லியா? இந்தப் பொண்ணுதான டைப் அடிக்குது. பாத்து எடுத்துப் போட்டிருக்கும். கம்ப்யூட்டர்ல தேதிய எப்படி வேணா மாத்தலாம் சார்."

முருகையனுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவர் மேஜையில் வைத்த எதுவும் என்ன ஆகும் என்பது அவருக்கே தெரியாத விஷயம். அதனால் மறுக்கவும் முடியவில்லை.

ராமதாஸ் அதோடு விடவில்லை. "எங்க ஊர்ப் பாதை, எங்க ஊர்ப் பௌர்ணமி. நான் அடி அண்ணாமலையில பொறந்து வளந்தவன். வீட்ல உருது பேசறவங்களுக்கு இதெல்லாம் எப்படி சார் வரும்?"

"வீட்ல உருது பேசறேன். கதை தமிழ்லதான் வருது. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றாள் நூரைன்.

"நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார் முருகையன். "திருடினேன்னு ஆச்சுனா உன்ன வேலைக்கு வச்சுக்க முடியாதும்மா. அதையும் யோசிச்சுக்க."

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட தௌஹீத் வண்டியைத் திருப்பினான். "அவன் வீடு எங்கன்னு சொல்லு. நான் போய் கேக்கறேன்."

"நீங்க ஒண்ணும் கேக்க வேணாம். என் கதைக்கு நானே பேசிக்கறேன். சென்டருக்கு விடுங்க."

நடந்ததை அப்படியே வலைப்பூவில் எழுதினாள். கால் மணி நேரத்தில் பின்னூட்டங்கள் வந்துவிழுந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறானே என்று எழில் கொதித்தான். வக்கீல் நோட்டீஸ் விடலாம் என்றார் ஒருவர். கனடாக்காரர் பதிப்புரிமைச் சட்டத்தைப் பத்திப் பத்தியாக எடுத்துப் போட்டார். ஒருவர் ராமதாஸைத் திட்டி ஆசிரியப்பாவே எழுதிவிட்டார். எல்லாம் அன்புதான். ஆனால் நாளைக் காலையில் அச்சகத்தில் நின்று ஆசிரியப்பா பாடவா முடியும்? கவிநிலா மட்டும், "நாங்கள் அத்தனை பேரும் சாட்சி. எந்த நேரமானாலும் கூப்பிடு" என்று தன் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

கடைசியில் வளவன் வந்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அக்கா, அவர் காப்பியில நிலா எப்ப வருது?"

நூரைன் யோசித்தாள். காலையில் தன் விரல் முந்திக்கொண்டு அடித்த வரி அதுதான், திருத்துவதற்கு முன்னால் இருந்த வரி. "அந்தியில."

"அவர் எந்த ஊரு?"

பதிலை அடிக்கப் போனவளின் கை அப்படியே நின்றது. அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். வாசலில் இருந்த தௌஹீத் உள்ளேயே வந்துவிட்டான். இணையத்தால் பெண்டாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தான் பாவம்.

மறுநாள் முருகையனும் ராமதாஸும் உட்கார்ந்திருக்க, நூரைன் எதிரே நின்றாள். தெளிவாகத்தான் பேசினாள்.

"சார், நான் கிரிவலம் போனதில்ல. அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. உங்க ஊர்ல பௌர்ணமி நிலா எந்நேரத்துக்கு வரும்?"

ராமதாஸ் பெருமையாக நிமிர்ந்தார். தெரியாத பெண்ணுக்குத் தன் ஊரைப் பற்றிச் சொல்வதென்றால் யாருக்குத்தான் பிடிக்காது. "எங்களுக்கு லேட்டுதாம்மா. இங்க மாதிரி இல்ல. மலையத் தாண்டி மேல வரணும்ல, ஏழரை எட்டு ஆயிடும். சின்ன வயசுல அதுக்காகவே மாடி மேல உக்காந்திருப்போம்."

நூரைன் அவர் கையெழுத்துத் தாளை எடுத்துப் படித்தாள்: "அந்தி மங்கும் நேரம். வயல் ஓரத்தில் முழு நிலா எழுந்தது. அந்த வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது."

முருகையன் தாளை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். ராமதாஸ் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. காப்பியடிக்கிறவன் தாளைப் பார்ப்பானே தவிர வானத்தைப் பார்க்கமாட்டான்.

"கதை யாருதுனு சொல்லிக்கினே போலாம் சார்" என்றாள் நூரைன். "தப்பு யாருதுனு பாருங்க. அந்தத் தப்பு என்னுது. மலைக்குக் கிழக்க இருக்கறவளுக்குத்தான் அந்தத் தப்பு வரும். அடி அண்ணாமலையில பொறந்தவருக்குத் தூக்கத்துலகூட வராது."

ராமதாஸ் எழுந்தார். ஏதோ அவசர வேலை என்றார். படி இறங்கும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, மறுபடி திரும்பி வந்து சரியாகப் போட்டுக்கொண்டு போனார். அவர் பெயரை நூரைன் அப்புறம் எங்கேயும் எழுதவில்லை. வலைப்பூவில்கூட, கேட்டவர்களுக்கு, "முடிஞ்சிருச்சு, விடுங்க" என்றுதான் பதில் போட்டாள்.

முருகையன் தாளை மடித்து வைத்தார். பிறகு, "அந்தத் தப்ப ஒனக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார்.

"என் வாசகர் சார்."

அந்தச் சொல்லை அவள் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ஒனக்கு வாசகரா? எனக்குக் காட்டு, பாக்கலாம்."

இருவரும் சென்டருக்குப் போனார்கள். ப்ளைவுட் தடுப்புக்குள் முருகையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கதைக்கும் கீழே இருந்த பின்னூட்டங்களை அவள் இறக்கிக்கொண்டே வந்தாள். குவைத், சிங்கப்பூர், டொரண்டோ, மதுரை, கீழ்பென்னாத்தூர். ஒரு வரி சரியில்லை என்று சண்டை பிடித்தவர்கள். ஒரு வரிக்காக அழுதவர்கள். முருகையன் வருஷா வருஷம் அடிக்கிற மலரில் பாதி அச்சகத்து மூலையிலேயே கரையான் பிடித்துக் கிடக்கும். அந்த மனிதர் ஒன்றையும் விடாமல் படித்தார்.

"இவங்கல்லாம் காசு கொடுத்து வாங்கறதில்லியே, அப்புறம் எதுக்குப் படிக்கறாங்க?"

"படிக்கணும்னுதான் சார்."

"நம்ம மலரப் பத்தி யாருனா ஏதாவது எழுதிருக்காங்களா?"

"இல்ல சார்" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவர் பெருமூச்சு விட்டார். பிறகு மெதுவாக, "நீ கொடுத்த கதையோட பின்னால லாட்ஜ் விளம்பரம் எடுத்தேன்ல" என்றார். நினைவு வைத்திருந்தார் என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மலரில் அவள் கதைக்குத்தான் முதல் பக்கம். நூரைன் ஒரு நிபந்தனை வைத்தாள். திருத்திய கதைதான் வர வேண்டும். கடைசியில் ஒரு வரியும் வர வேண்டும். "இக்கதையில் நிலாவை மலைக்கு மேலே ஏற்றி அனுப்பியவர்: வளவன், குவைத். படிக்க வழி செய்தவர்: கவிநிலா, சிங்கப்பூர்." எந்தக் கதைக்குக் கீழேயும் இப்படி ஒரு வரி வந்து தான் பார்த்ததில்லை என்றார் முருகையன். "கதைக்குத் தாய்மாமன் சித்தப்பா பேரெல்லாம் வேணுமா?"

"வேணும் சார். இவங்கதான் எனக்குனு தேடி வந்தவங்க."

பெயரைப் போடும் இடம் வந்தது. தன் பெயரைப் போடுவதா, வலைப்பூப் பெயரைப் போடுவதா என்று தௌஹீத்திடம் முந்தின நாளே கேட்டிருந்தாள். அவன் பதில் சொல்லாமல் அம்மாவைப் போய்க் கேட்டான். முன்னி பேகம் யோசித்துவிட்டு, "திருடன் அவன் பேரப் போட்டுக்கறான். எழுதனவ எதுக்கு ஒளிஞ்சுக்கணும்?" என்றாளாம். தனக்கு ஒரு காப்பி வேண்டும் என்றும், தமிழ் படிக்க வராதே தவிர மருமகள் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டினால் கண்டுபிடித்துக்கொள்வேன் என்றும் சொன்னாளாம்.

நூரைன் தன் பெயரை அடித்தாள். ஊரில் உள்ள மணமக்கள், மறைந்தவர்கள், தலைவர்கள், தர்மகர்த்தாக்கள் எல்லாருடைய பெயரையும் அடித்த விரல்தான். மூன்றே எழுத்து. இருந்தும் அதற்கு முன்னால் ஒருமுறை கையைத் துடைத்துக்கொண்டாள். திரையில் அது வந்ததும் எழுத்து அளவைச் சாதாரணமாகவே வைத்தாள்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த முருகையன் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் பெரிசாக்கும்மா. குவைத்துல இருந்து தெரியணும்ல."

நூரைன் பெரிதாக்கினாள்.